பாடினார் துயரும் பாட்டின் பயனும் : வில்லியம் கூப்பர்

இறைவனைப் பாடும் பாட்டு, பாடியவர் பெற்ற அநுபவத்தின் வெளிப்பாடு என்பது பலரும் உடன்பட்ட கொள்கை. தாம் துய்த்த இன்பத்தைப் பிறரும் துய்த்தல் வேண்டும் என்னும் கருணையால் அருளாளர் பாடினர் என்றே அன்பர்கள் கருதுவர். ஆயினும், பிறர்க்கு ஆறுதலாய் நின்ற பாட்டுக்களை இயற்றிய ஒருவர், அவ்வாறுதல் தமக்கு உரியதன்று என்று துணிந்து, வாழ்நாளின் பிற்பகுதி முழுவதும் தம்மை இறைவனால் தள்ளுண்டவராகக் கருதி வருந்தினார் எனின், அவர் பாட்டின் நிலை யாது? பாட்டுப் பொய்யோ? பாடினார் துணிவு பொய்யோ?

இவ்வினாவை ஆராய்தற்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் கூப்பர் என்னும் புலவரினும் பொருத்தமான சான்று காண்டல் அரிது. கிறித்தவ ஆலயங்களில் இன்றும் பாடப்பெறும் தோத்திரங்களும், இயற்கைப் பொருள்களைக் கண்டவாறே எடுத்துரைக்கும் நெடும்பாட்டும் அவர்தம் ஆக்கங்களாம். இரண்டும் ஒருவரே பாடினவெனினும் ஒரு காலத்துப் பாடப்பட்டன அல்ல. இரண்டற்கும் இடையே ஒரு பேரிருள் கிடக்கின்றது. அதன் இருபுறத்தும் நின்று அவர் பாடியவற்றை ஒப்புநோக்கின் மேற்கூறிய வினாவிற்கு விடை புலப்படும்.

கூப்பர் 1731-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஹார்ட்போர்டு மாவட்டத்துப் பெர்க்காம்ஸ்டெட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் தேவாலயத்துக் குரு. தாயார், ஜான் டன் என்னும் பழம்புலவர் மரபினர். மைந்தனுக்கு ஆறாண்டு நிரம்புமுன், 1737-இல் அவ்வம்மையார் காலஞ்சென்றார். தாயை இழந்த சிறுவன் வெளியூர்ப் பள்ளி ஒன்றில் தங்கிப் பயில விடப்பட்டான். ஆங்கு மூத்த மாணாக்கன் ஒருவன் இழைத்த கொடுமை அவ்விளவுள்ளத்தில் அச்சத்தை ஆழ ஊன்றியது. அவன் முகத்தை ஏறிட்டு நோக்கவும் அஞ்சியமையால், அவன் அணிந்த பாதுகையின் கொளுவியைக் கொண்டே அவனை அடையாளம் அறிந்ததாகக் கூப்பர் பிற்காலத்து எழுதினார். ஓர் அதிகாரியின் முன் தலைகுனிந்து தண்டனையை எதிர்நோக்கி நிற்கும் உணர்ச்சி அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்ததாகலின், இச்சிறு செய்தியும் ஆராய்வார்க்கு வேண்டுவதேயாம்.

பின்னர் இலண்டன் மாநகரத்து வெஸ்ட்மினிஸ்டர்ப் பள்ளியிற் கிரேக்கமும் இலத்தீனும் பழுதறப் பயின்றார். சட்டம் பயின்று 1754-இல் வழக்குரைஞராக ஏற்கப்பெற்றும் அத்தொழிலில் மனம் பற்றவில்லை. தம் சிற்றப்பன் மகளாகிய தியடோரா என்னும் நங்கையைக் காதலித்தார். அவள் தந்தை மணத்திற்கு இசையாமையின் அக்காதல் நிறைவேறவில்லை. 1763-இல் உறவினர் ஒருவர் முயற்சியாற் பிரபுக்கள் சபையில் எழுத்தர் பதவி ஒன்று கிடைப்பதாயிற்று. அப்பதவிக்கு அவர் தகுதியுடையரோ என்பதனைச் சபையின்முன் நேர்நின்று தேர்தல் வேண்டும் என எதிர்த்தரப்பார் கோரினர். பலர் நடுவே நின்று வினாவப்படுதலை நினைந்த அளவில் கூப்பர் அறிவு கலங்கிற்று. தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்று உய்ந்தார். உய்ந்தபின், அம்முயற்சியே மன்னிக்கப்படாத பாவம் என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. செயின்ட் ஆல்பன்ஸ் நகரத்தில் நதானியேல் காட்டன் என்னும் மருத்துவர் நடத்திய மனநோய் இல்லத்தில் அவர் சேர்க்கப்பெற்றார். அம்மருத்துவர் அன்பும் சமயப் பற்றும் உடையவர். தாமும் செய்யுள் இயற்றவல்லவர்.

அவ்வில்லத்தில் 1764-இல் ஒருநாள், ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் படித்துழி, தம் பாவம் தீர்ந்தது என்னும் உறுதி கூப்பருக்குத் தோன்றிற்று. உள்ளம் தெளிந்தது. மறு ஆண்டில் அவ்வில்லத்தை நீங்கி ஹண்டிங்டன் ஊரில் அன்வின் என்னும் குடும்பத்தாரோடு வாழத் தொடங்கினார். அக்குடும்பத் தலைவர் 1767-இல் குதிரையினின்று வீழ்ந்து இறந்தார். அவர் மனைவியார் மேரி அன்வின் அம்மையார் அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டு கூப்பரைத் தாயினும் பரிந்து காத்தனர். அவ்வாண்டிலேயே ஜான் நியூட்டன் என்னும் குருவின் அழைப்பிற்கிணங்கி இருவரும் பக்கிங்காம் மாவட்டத்து ஓல்னி என்னும் சிற்றூரிற் குடியேறினர். நியூட்டன் முன்னர் அடிமை வாணிகக் கப்பல்களின் தலைவராயிருந்து, பின் மனந்திரும்பிச் சமயத் தொண்டு பூண்டவர். ஓல்னி, பூவேலைச் சரிகை பின்னிப் பிழைக்கும் ஏழை மக்கள் நிரம்பிய ஊர். அவ்வேழைகளின் வழிபாட்டுக் கூட்டங்களிற் பாடுதற்பொருட்டே நியூட்டனும் கூப்பரும் தோத்திரங்கள் இயற்றினர்.

அத்தோத்திரங்களின் தொகுதி 'ஓல்னித் தோத்திரங்கள்' என்னும் பெயரால் 1779-இல் வெளிவந்தது. அதன்கண் 348 பாட்டுக்கள் உள்ளன. ஏறத்தாழ 67 கூப்பர் பாடியவை. ஏனைய நியூட்டன் பாடியவை. இருவர் நட்பிற்கு ஒரு நினைவாகவே இந்நூல் தொடங்கப்பெற்றதென்றும், நண்பரது நீண்ட நோயால் இடையே தடைப்பட்டதென்றும் நியூட்டன் முகவுரையிற் குறித்தனர். கூப்பர் பாட்டுக்கள் இவையென்று அறிதற்கு ஓர் எழுத்தும் அடையாளமாக இடப்பெற்றது.

அவ்வடையாளத்தை நோக்காமலே இருவர் பாட்டையும் வேறுபிரித்து அறிதல் தேர்ந்தார்க்கு ஒருவாறு இயலும். நியூட்டன் பாட்டு, கரையேறினான் ஒருவன் கடந்த கடலைத் திரும்பிப் பார்த்து வியக்கும் பாட்டு. பொருள் தெளிவும் கற்பிக்கும் நோக்கமும் அதன்கண் மிக்குள்ளன. கூப்பர் பாட்டோ பெரும்பான்மையும் கடல் நடுவே நின்று கரையை நோக்கிக் கூவும் குரலாய் இருக்கின்றது. 'இறைவனோடு நடத்தல்' என்னும் தோத்திரம் 1767-ஆம் ஆண்டு டிசம்பரில் மேரி அம்மையார் நோயுற்றிருந்த காலத்துப் பாடப்பட்டது. முதற்கண் இறைவனை உணர்ந்தபோது இருந்த இன்பம் இப்பொழுது எங்கே போயிற்று என்று அது வினாவுகின்றது. அமைதி பெற்றேன் என்று கூறாது, அமைதி வேண்டும் என்று அது விழைகின்றது. தெளிவு பெற்ற நான்காண்டிற்குள்ளேயே அவர் உள்ளத்தில் இழப்புணர்ச்சி தோன்றிவிட்டது என்பதற்கு அப்பாட்டே சான்று.

அவர்தம் தோத்திரங்களுட் புகழ்மிக்கது 'இருளினின்று ஒளிரும் ஒளி' என்னும் தலைப்புடையது. 1773-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அவர் மீண்டும் நோயுறுதற்குச் சற்றுமுன் இஃது இயற்றப்பட்டது என்பது வழிவழி வரும் செய்தி. கடலும் புயலும், ஆழ்ந்த சுரங்கமும், கருமுகிலும், அரும்பும் மலரும் அப்பாட்டில் உவமைகளாய் வருகின்றன. அச்சுறுத்தும் முகிலே மழையாய் உதவும்; சுவைத்தற்குக் கைக்கும் அரும்பே இனிய மலராய் விரியும் என்னும் இக்கருத்துக்கள் புதியன அல்ல. ஆயின் அவற்றை முடித்த முடிபே கருதத்தக்கது. இறைவன் செயலுக்குப் பொருள் காண்டல் மாந்தர் அறிவிற்கு அடங்காது. அப்பொருளை அவனே தன் காலத்தில் விளக்குவான் என்பது அம்முடிபு. மூலநூலாசிரியனே உரையும் வகுத்தாலன்றி விளங்காத நூல் போன்றது உலகு என்று அதனை விரித்துக் கொள்ளலாம். இம்முடிபு பின்னர் வேண்டப்படுமாகலின் மனத்தில் இருத்தற்பாலது.

அவர் தோத்திரங்களிற் குறை இல்லையோ எனின், உண்டு. 'திறக்கப்பட்ட ஊற்று' என்னும் பொருள்பற்றிய பாட்டில், பழியேற்ற குருதியை ஊற்றாகவும் பாவிகள் அதனுள் மூழ்குவோராகவும் அமைத்த உருவகம், வேதநூற் சொல்வழக்கில் ஊறாதார்க்கு வன்மையாய்த் தோன்றும். அச்சமயத்தாருள்ளும் சிலர் அதனை மாற்ற விரும்பினர். ஆயினும் உருவகம் வன்மையுடையதாயினும், அதனுள் நிற்கும் தன்மை ஒருமைக்குரல் உண்மையுடையது. சிலுவையிலறையுண்ட கள்வனோடு தம்மை ஒப்பவைத்து, அவனுக்குக் கிடைத்தது தமக்கும் கிடைக்கும் என்று அவர் பற்றிக்கொள்ளுமிடத்து, அணிநலம் பின்னிட்டு ஆர்வம் முன்னிற்கின்றது.

1773-ஆம் ஆண்டு சனவரியில் அவர் மனம் மீளவும் கலங்கியது. அடுத்த திங்களில் ஓரிரவு கனவில், அவர் அழிந்தொழிந்தார், இனி மீட்சியில்லை என்னும் பொருள்பட இலத்தீன் மொழியில் ஒரு குரல் ஒலித்தது. கனவிற் கேட்ட அக்குரலை இறைவன் வாய்மொழியென்றே அவர் கொண்டார். ஆபிரகாமிடத்து மகனைப் பலிகேட்ட இறைவன் தம்மிடத்துத் தம் உயிரையே கேட்டான் என்றும், அதனைச் செய்யத் தவறியமையால் தாம் என்றும் நீக்கப்பட்டார் என்றும் நம்பினார். அதன்பின் அவர் தேவாலயம் புகுந்து வழிபட்டிலர். இறைவனை வேண்டுதலும் ஒழிந்தார். நியூட்டன் அவரைத் தம் இல்லத்திலேயே ஓராண்டிற்கு மேலாக வைத்துப் பேணினர்.

இத்துயரத்திற்குக் காரணம் நியூட்டனது கடுஞ்சமயப் பற்றே என்று பழித்தார் உளர். அப்பழி காலமுறையோடு பொருந்தாது. கூப்பர் முதன்முறை அறிவு கலங்கியது நியூட்டனைக் காணுமுன் நான்காண்டின் முன்னராகலின். இனி, கால்வின் என்பாரது கொள்கையே காரணம் என்பாரும் உளர். இன்னார் வீடுபெறுவர் என்று இறைவன் படைப்பிற்கு முன்னரே குறித்துவிட்டான் என்பது அக்கொள்கை. இது நடுக்கம் தரும் கொள்கையென்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கொள்கையையே உடைய நியூட்டன் உவகையோடு வாழ்ந்தனர். அதனினும் சிறந்த காரணம் ஒன்று உண்டு. ஒருகால் மெய்யாக அருள் பெற்றவன் இறுதிவரை அதனின் வழுவான் என்பதும் அக்கொள்கையின் ஒரு கூறேயாம். அதன்படி, 1764-இல் தாம் பெற்ற அருள் மெய்யென்று கருதிய கூப்பர், பின்னர்த் தள்ளுண்டார் ஆதல் கூடாது. இவ்விடரை அவரும் அறிவர். அறிந்தும், உலகத்துள் தாம் ஒருவரே அவ்விதிக்கு விலக்கு என்று துணிந்தார். ஆகவே, அவர்தம் அவநம்பிக்கை அவர் சமயத்தினின்று பிறந்ததன்று. அவர் சமயத்திற்கே மாறாயது. நோய் சமயத்தின் சொற்களை எடுத்து உடுத்துக்கொண்டது என்பதே பொருந்தும்.

வேண்டுதல் ஒழிந்தபின் தோத்திரம் பாடும் வாயும் அடைத்தது. 1773-க்குப் பின் அவர் பாடிய தோத்திரங்கள் மிகச் சிலவே. அங்ஙனமாயின் எஞ்சிய இருபத்தேழாண்டும் அவர் செய்தது யாது? அவர் நோக்கினார். அண்மையிலுள்ள சிறிய பொருள்களை நோக்குதலையே தொழிலாகக் கொண்டார்.

1774-இல் அயலார் மக்கள் பேணாது விட்ட முயற்குட்டி ஒன்றை ஏற்றுக்கொண்டார். பின்னும் சில வர, மூன்று முயல்களை வளர்த்தார். அவற்றிற்கு உறைவிடம் தாமே அமைத்தார். தச்சுவேலை செய்தார், ஓவியம் தீட்டப் பழகினார், கண்ணாடி வேய்ந்த செடிமனையில் வெள்ளரி விளைத்தார். பஸ், டைனி, பெஸ் என்னும் அம்முயல்களின் இயல்பை அவர் எழுதிய கடிதம் 1784-இல் ஒரு மாத வெளியீட்டில் அச்சாயிற்று. ஒரே இனத்தைச் சேர்ந்த மூன்றும் குணத்தால் வேறுபட்டிருந்தமையை அவர் அதிற் காட்டினார். ஒன்று மூன்று நாள் நோயுற்றபோது அவர் பேணினர். நலமுற்ற அது அவர் கையை முழுவதும் நக்கித் தன் நன்றியைத் தெரிவித்தது. மற்றொன்று ஒன்பதாண்டு உடனிருந்தும் இறுதிவரை இணங்காது சீறியது. இணங்காத அம்முயலின் இறப்பிற்கும் அவர் கல்வெட்டுப்பா இயற்றினார். அன்பு காட்டாத உயிரிடத்தும் அன்பு மாறாமை அவர் இயல்பென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

நியூட்டன் 1780-இல் இலண்டனுக்குப் பெயர்ந்தார். மேரி அம்மையாரின் தூண்டுதலால் கூப்பர் ஒழுக்கப் பொருள்பற்றிய பாட்டுக்கள் சில இயற்றி 1782-இல் வெளியிட்டார். அக்காலத்து ஆஸ்டின் சீமாட்டி என்பார் அவ்வூர்க்கு வந்து நட்புக் கொண்டனர். அவர் கூறிய கதையொன்றைக் கொண்டு, குதிரையை அடக்கமாட்டாது அலைந்த வணிகன் ஒருவனைப்பற்றி 'ஜான் கில்பின்' என்னும் நகைச்சுவைப் பாட்டுப் பிறந்தது. நாடு முழுதும் நகைத்த அப்பாட்டு, பாடினார் மிக்க துயருற்றிருந்த காலத்தே பாடப்பட்டது என்பது அவர் கடிதத்தால் அறியப்படும். 1783-இல் எதுகையிலாச் செய்யுளில் ஒரு பாட்டு இயற்றுமாறு அச்சீமாட்டி வேண்ட, பொருள் யாது என்று கூப்பர் வினவ, 'இந்தச் சாய்விருக்கையைப் பாடுக' என்றனர். அவ்விளையாட்டு மொழியினின்று ஆறு பகுதியும் ஏறத்தாழ ஐயாயிரம் அடியுமுடைய பாட்டொன்று விளைந்தது. பிறர் இட்ட பணி என்னும் பொருள்பட 'தி டாஸ்க்' எனப் பெயர்பெற்று 1785-இல் அது வெளிவந்தது.

இப்பாட்டின் சிறப்பு யாதென ஆராய்வாம் எனின், முன்னோரோடு ஒப்பிடல் வேண்டும். அவர்க்கு அரைநூற்றாண்டு முன்னர் ஜேம்ஸ் தாம்சன் என்பார் நான்கு பருவங்களையும் பாடினர். தாம்சன் காட்டுவது பரந்த காட்சி. உலகின் கோடிகளையும் அவர் பாட்டு வளைத்துக்கொள்ளும். கூப்பரோ தாம் நடந்து காணாத ஒன்றையும் பாட விரும்பிலர். ஊஸ் என்னும் ஆறு சமவெளியில் மெல்ல வளைந்தோடுதல், மாலையில் அஞ்சற்காரன் பிறர் வாழ்வையும் சாவையும் பையிற் சுமந்தும் தான் கவலையின்றிச் சீழ்க்கையடித்து வருதல், பனிக்காலக் காலையில் விறகுவெட்டி நாயோடு காட்டிற்குச் செல்லுதல், அந்நாய் பனியை முகத்தால் வாரி விளையாடுதல் ஆகிய இவையே அவர் காட்சிகள். தமிழ் அணிநூலார் தன்மைநவிற்சி என்று வகுத்தது இதுவே. பொருளின் மெய்த்தன்மையை உயர்த்தாது தாழ்த்தாது கூறுதல் எளிதென்று தோன்றினும், சொல்லணி துணையின்றி நிற்கவேண்டுதலின் அதுவே அரிது. அதிற் கூப்பர் வெற்றி பெற்றார். அவருக்குப் பின்வந்த வோர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ் முதலியோர் பேச்சிற்கு அணித்தான நடையில் இயற்கையைப் பாடுதற்கு வழி திறந்தவருள் அவர் தலையாயவர். ஜேன் ஆஸ்டின் என்னும் நாவலாசிரியை செய்யுளில் அவரையே பெரிதும் போற்றினர்.

குறையும் கூறற்பாலது. இப்பாட்டில் அறிவுரை மிகுதி. நகர வாழ்வு, குருமாரின் ஆடம்பரம், பள்ளிகளின் சீர்கேடு முதலியவற்றைக் கடியும் பகுதிகள் அக்காலத்தில் விரும்பிப் படிக்கப்பெற்றனவேனும், இன்று படிப்பார்க்கு நெடியனவாய்த் தோன்றும். உருசிய அரசி பனிக்கட்டியாற் கட்டிய மாளிகை முதலாக ஒன்றினின்று ஒன்றிற்குத் தாவும் போக்கும் கட்டுக்கோப்பைத் தளர்த்துகின்றது. வெள்ளரி விளைத்தலைப் பெருங்காப்பிய நடையில் விரித்தது நகைபயப்பதேனும் அளவு மிக்கது. அவர் கற்பிக்க எழுந்த இடத்தினும் காட்ட அமர்ந்த இடமே மேம்பட்டது.

கற்பித்தலும் சில இடத்து மெய்யான சினத்தாற் சிறப்புறுகின்றது. மனிதனை மனிதன் விலைக்குக் கொள்ளும் அடிமை வாணிகத்தை இரண்டாம் பகுதியில் வெறுத்துப் பாடினார். 1788-இல் ஆப்பிரிக்க அடிமையொருவன் முறையிடுவதாக ஒரு தனிப்பாட்டும் இயற்றினார். பழைய கப்பல் தலைவராகிய நியூட்டன் தம் பிழையை ஒப்பி அவ்வாணிகத்திற்கு மாறாக நூல் வெளியிட்டதும் அவ்வாண்டேயாம். விளையாட்டிற்காக விலங்குகளை வேட்டையாடுதலையும், வழியிற் செல்லும் புழுவைக் காரணமின்றி மிதித்தலையும் கூப்பர் கடிந்தார். இந்தியாவைக் கொள்ளையிட்டுப் பொருள் குவித்த தம் நாட்டாரையும் அவர் விட்டிலர். சிறு திருடன் தூக்கிலிடப்பட, இந்திய மாகாணங்களின் செல்வத்தைப் பையில் இட்டவன் தப்புகின்றான் என்பது முதற்பகுதியில் அவர் கூறிய குற்றச்சாட்டு. அற்றாயினும், வாரன் ஹேஸ்டிங்ஸ் பாராளுமன்றத்தின்முன் விசாரிக்கப்பட்ட காலத்தில், 1792-இல், அவரை ஆதரித்து ஒரு சிறு பாட்டு எழுதினார். இளமையில் நற்குணமுடையவனாய்த் தாம் அறிந்த பள்ளித் தோழன் பிற்காலத்திற் கொடியனாயிருத்தல் இயலாது என்பதே அவர் காட்டிய காரணம். பொதுவாகக் கொள்ளையைக் கடிந்த அறிவு, பழகிய முகம் எதிர்ப்பட்ட அளவில் தளர்ந்தது. நட்பின் கண்ணோட்டம் நன்றேனும் நீதியின் இடத்தை அது கொள்ளுதல் ஆகாது. இது கூப்பர்பால் உள்ள மறைக்கலாகாத குறை.

இனி, இப்பாட்டின் சமயக் கருத்தை நோக்குக. மூன்றாம் பகுதியில், அம்புபட்டுக் கூட்டத்தைப் பிரிந்த மான் தாம் என்றும், அம்புகளாற் புண்பட்ட மற்றொருவர் வந்து தம் புண்ணை ஆற்றினார் என்றும் அவர் தம் வரலாற்றைச் சுருங்கக் கூறினார். ஆறாம் பகுதியில், இலை தளிர்த்தலும் மலர் நிறம்பெறுதலும் பருவம் மாறுதலும் ஒருகால் முடுக்கிவிடப்பட்ட பொறிபோலத் தாமே நிகழ்வன அல்ல, இறைவன் அவற்றின் உள்நின்று இடையறாது தொழிற்படுகின்றான் என்பதை விரித்தார். இறைவன் உலகைப் படைத்துவிட்டு ஒதுங்கினான் என்னும் அந்நூற்றாண்டினர் சிலர் கொள்கைக்கு இது நேர்மறுப்பு. தம்மை இறைவன் கைவிட்டான் என்று நம்பிய ஒருவரே, ஒரு புல்லையும் அவன் கைவிட்டிலன் என்று பாடினார் என்பது ஈண்டு உற்றுநோக்கத்தக்கது. புழுவிற்கும் முயலுக்கும் அடிமைக்கும் விறகுவெட்டிக்கும் உரிய அருளினின்று தம்மை ஒருவரையே அவர் விலக்கிக்கொண்டார்.

1786-இல் அணித்தாகிய வெஸ்டன் அண்டர்வுட் என்னும் ஊர்க்குக் குடிபெயர்ந்தார். ஹோமரின் இரு காப்பியங்களையும் எதுகையிலாச் செய்யுளில் மொழிபெயர்த்து 1791-இல் வெளியிட்டார். 1790-இல் உறவினர் ஒருவர் அவர் தாயாரின் ஓவியத்தை அனுப்ப, ஐம்பதாண்டிற்கு மேலாக உள்ளத்துட் கிடந்த துயர் ஒரு பாட்டாய் வெளிப்பட்டது. தாய் இறந்த நாளில் வீட்டிற் பணிபுரிந்தார், அன்னை மீள வருவாள் என்று பொய்யுரைத்துத் தேற்றியதும், குழவி நாள்தோறும் ஏமாந்ததும் அதிற் கூறப்படுகின்றன. மேரி அம்மையார் பக்கவாத நோயாற் படிப்படியாக அறிவும் வலியும் இழந்தனர். அதுகாறும் காக்கப்பட்ட கூப்பர் காப்பவரானார். நார்போக் மாவட்டத்திற்கு இருவரும் கொண்டுசெல்லப்பட்டபின், 1796-ஆம் ஆண்டு டிசம்பரில் ஈஸ்ட் டீரம் என்னும் ஊரில் அம்மையார் இறந்தனர்.

1799-இல் கூப்பர் தம் இறுதிச் சிறந்த பாட்டை இயற்றினார். ஆன்சன் என்னும் கடற்படைத் தலைவரது யாத்திரை நூலிற் கண்ட ஒரு செய்தியே அதன் பொருள். புயலில் ஒரு மாலுமி கப்பலினின்று கடலுள் வீழ்ந்தான். தோழர்கள் உதவ முயன்றும் காற்றுக் கப்பலைக் கொண்டுசெல்ல, அவன் நெடும்பொழுது நீந்தி அமிழ்ந்தான். அவனினும் ஆழ்ந்த கடலில் தாம் அமிழ்ந்ததாகக் கூறிப் புலவர் பாட்டை முடித்தார். 'கைவிடப்பட்டோன்' என்பது அதன் பெயர். அதன்கண் அறிவுரையில்லை, இறைவனை நோக்கிய முறையீடில்லை, பழிச்சொல்லும் இல்லை; ஒரு சொல்லும் மிகையன்று. தோத்திரங்களின் யாப்பு அமைதியும் நெடும்பாட்டின் காட்சித் தெளிவும் அதில் ஒன்றாயின. ஆறுதல் மட்டும் வந்து சேரவில்லை. 1800-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் கூப்பர் ஈஸ்ட் டீரத்திலேயே உயிர்நீத்தார். அவ்வூர்த் தேவாலயத்தே அடக்கம் செய்யப்பெற்றார். ஓல்னியில் அவர் வாழ்ந்த இல்லம் 1900 முதல் காட்சிச்சாலையாய் இருக்கின்றது.

தொடக்கத்து எழுந்த வினாவிற்கு இனி விடை கூறலாம். கூப்பர் தோத்திரங்கள் பொய்யல்ல. அவை பெற்றதை அறிவிக்கும் பாட்டுக்களாய் மட்டும் இருப்பின், பாடினார் இழந்தபோது அவையும் பொருளிழந்திருக்கும். அவை வேட்கையின் பாட்டுக்களாதலின், வேட்கையுடையார் எந்நாளும் அவற்றைத் தம்முடையனவாகக் கொள்வர். துயருற்றான் ஒருவன், துயரமே அறியாதார் கூறும் தேறுதலை ஏலான். தன்னோடு அதே இருளில் நிற்பவன் சொல்லையே கேட்பான். ஓல்னி ஏழைகளும் அவர்க்குப் பின்வந்த எண்ணிறந்தோரும் அப்பாட்டுக்களை ஏற்றமைக்குக் காரணம் இதுவே.

பாடினார் துணிவோ பிழை. அப்பிழைக்குச் சான்று வேறெங்கும் தேடவேண்டா. அவர் பாட்டிலேயே உள்ளது. இறைவன் செயலுக்கு இறைவனே பொருள் விளக்குவான், மாந்தர் முந்துற்று முடிவு கூறலாகாது என்று பாடியவர், தம் கனவு ஒன்றிற்குத் தாமே பொருள்கூறித் தம்மேல் தாமே தீர்ப்பும் எழுதினார். பிறர் வாழ்வில் விலக்கிய உரையைத் தம் வாழ்வில் எழுதிக்கொண்டார். நோயுற்ற உள்ளத்தின் செயலாகலின் அதற்கு அவரைக் குறைகூறுதல் அறமன்று, இரங்குதலே தகும். ஆயின் அவர் பாட்டைப் பயில்வார் கைக்கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. தன்னை அருள் நீங்கிற்று என்று ஒருவன் உள்ளம் எவ்வளவு உறுதியாகக் கூறினும், அவ்வுறுதி அருளின் வாய்மொழி ஆகாது. அவர் உள்ளம் முடிவு கூறிய அந்நாட்களிலும் அவர் கை நோயுற்ற முயலைத் தடவிக்கொண்டிருந்தது. அவர் கண் பனியில் விளையாடும் நாயைக் கண்டு மகிழ்ந்தது. அவர் நா அடிமைக்காக வழக்குரைத்தது. இருபத்தேழாண்டு இடையறாது அன்பு சுரந்த நெஞ்சத்தை அருள் நீங்கிய நெஞ்சம் என்று கூறுதல் யாங்ஙனம் பொருந்தும்?